மதுரையில குவேக்கர் குடும்பம்: பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுக்குறது, எதை வச்சு?

பழங்காநத்தத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். முதல்லயே சொல்லிர்றேன், குவேக்கர்னா ஓட்ஸ் டப்பா இல்லங்க, அந்தக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது 1650கள்ல இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ் கூட சேந்தவங்க ஆரம்பிச்ச கிறிஸ்தவ சபை. வீட்டுக்காரர் வேலைக்காக பர்மிங்காம்ல இருந்தப்ப பக்கத்து வீட்டம்மா கூப்புட்டாங்கன்னு போனோம், அப்படியே ஒட்டிக்கிட்டோம். பாஸ்டர் கிடையாது, பாட்டு கிடையாது, எல்லாரும் வட்டமா உக்காந்து அமைதியா இருப்பாங்க, யாருக்காவது உள்ள இருந்து ஒண்ணு சொல்லணும்னு வந்தா எந்திரிச்சு சொல்லிட்டு உக்காருவாங்க, இல்லேன்னா ஒரு மணி நேரமும் அமைதிதான். பிள்ளைகளுக்குன்னு தனி ரூம் இருக்கும், கதை சொல்ல ஆள் இருக்கும், பெரியவங்க கூட ஒரு கால் மணி நேரம் உக்காந்தா போதும்.

இப்ப மதுரைக்கே திரும்பி வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை ஹால்ல நாங்களே உக்காருறோம். பெரியவனுக்கு 8, சின்னவளுக்கு 4. அவன் கொஞ்ச நேரம் இருப்பான், அவ ஃபேனை நிறுத்துறது போடுறதுன்னு சுவிட்ச் போர்டுலயே நிக்குறா. கூட உக்கார இன்னொரு குடும்பம் இல்ல, கதை சொல்ல ஆள் இல்ல. என் கேள்வி என்னன்னா, இந்த வயசுப் பிள்ளைகளுக்கு குவேக்கர் முறையில சொல்லிக் குடுக்க புத்தகம், கதை, வீடியோ, விளையாட்டு ஏதாவது இருக்கா? இன்னொன்னு, எங்க மாமியார் சிஎஸ்ஐ, பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது அழுகாம இருக்க மாட்டாங்க. குவேக்கர்ல தண்ணி ஞானஸ்நானமே கிடையாது, அதை அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் குவேக்கர்னா சண்டையும் ஆயுதமும் வேண்டாம்ங்கறவங்க, அதனால தீபாவளிக்கு எல்லாப் பயலும் பொட்டு வெடி துப்பாக்கி வச்சுச் சுடும்போது என் பையன் மட்டும் சும்மா பாத்துக்கிட்டு நிக்கணுமான்னு அவனே கேக்குறான்.

திருநகர் டீச்சர்:
நான் குவேக்கர் இல்லைங்க, ஆனா மாண்டிசோரி ட்ரெய்னிங் எடுத்தவ, அதனால ஒண்ணு தெரியும். அமெரிக்கக் குவேக்கர்கள் சிலர் 'ஃபெய்த் அண்ட் ப்ளே'ன்னு கதைத் தொகுப்பு வச்சிருக்காங்க. அது ஜெரோம் பெரிமேன் உருவாக்குன 'காட்லி ப்ளே' முறையில இருந்து வந்தது, அந்த முறைக்கு அடிப்படை மாண்டிசோரி. மாண்டிசோரி அம்மா 1939ல அடையாறுக்கு வந்து, யுத்த காலத்துல நம்ம கொடைக்கானல்ல இருந்துதான் சின்னப் பிள்ளைகளை வச்சு நிறைய வேலை பாத்தாங்க. அப்ப இது நமக்கு ஒண்ணும் அந்நியச் சரக்கு இல்ல.

செய்முறை சிம்பிள். தரையில ஒரு துணி விரிச்சு, மரத்துல செஞ்ச சின்னச் சின்ன உருவங்களை ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக்கிட்டே மெதுவா கதை சொல்லணும். சொல்றவங்க பிள்ளை மூஞ்சியப் பாக்கக் கூடாது, கண்ணு பொம்மை மேலதான் இருக்கணும், அப்பத்தான் பிள்ளையும் அங்க பாக்கும். கதை முடிஞ்சதும் "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட"ன்னு கேட்டுறாதீங்க, அது பரீட்சை. "இதுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சிச்சு, எது ரொம்ப முக்கியம்னு தோணுது, இந்தக் கதையில நீ எங்க இருக்க, எதை எடுத்துட்டாலும் கதை நிக்கும்"னு நாலு கேள்வி. சரியான பதில்னு ஒண்ணு கிடையாது, அவ என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு விட்டுறணும். நம்மள மாதிரி டீச்சர்களுக்கு இதுதான் கஷ்டம், வாய் பரபரன்னு இருக்கும். பொம்மைக்கு வெளிநாட்டு செட்டெல்லாம் வாங்காதீங்க, கொலுவுக்கு வாங்குன மரப்பாச்சியும் சொப்பு சாமானும் போதும்.

சின்னவ விஷயத்துல, 4 வயசுக்கு ஒரு மணி நேரம்லாம் நினைச்சே பாக்காதீங்க. ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் கைக்கு வேலை. சத்தம் வராத சாமானா ஒரு பையில போட்டு, துணிப் புத்தகம், நூல்ல கோக்குற பெரிய மணி, அந்தப் பையை ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுங்க. மத்த நாள் எடுத்தா மவுசு போயிரும்.

தல்லாகுளம்65:
மகளே, நான் சிஎஸ்ஐ சபையில வளந்தவன், கொஞ்சம் வெளிப்படையாச் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அமைதியா உக்காந்தா பிள்ளைக்கு வேத வசனம் எப்படித் தெரியும்? எங்க காலத்துல ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துல 23ம் சங்கீதம் தலைகீழாச் சொல்லுவோம், அது இன்னிக்கும் ஆஸ்பத்திரி பெட்ல படுத்தா வாயில வருது. வெறும் கேள்வியா கேட்டுக்கிட்டு இருந்தா பிள்ளை பிடிச்சுக்கிறதுக்கு என்னா இருக்கு? மே மாசம் விபிஎஸ், அதான் லீவுல வைக்குற பைபிள் ஸ்கூல், நடக்கும், அங்கயாவது அனுப்புங்க. பாட்டு, ஆக்‌ஷன், நாடகம், பிள்ளைகளுக்கு சிநேகிதமும் கிடைக்கும், மாமியார் மனசும் கொஞ்சம் ஆறும்.

மலைக்காத்து:
கோத்தகிரியில இருந்து எழுதுறேன். ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு, விபிஎஸ்க்கு அனுப்புறதுல குவேக்கருக்கு ஒரு தடையும் கிடையாது, வசனம் மனப்பாடம் பண்ணக் கூடாதுன்னும் யாரும் சொல்லல. ஆனா 'கேள்வி மட்டும்தான்'ங்கறது சரியில்லைங்க ஐயா. கதைகளும் மனுஷங்களும் அவங்ககிட்ட ஏராளம், பிள்ளைகளை வளக்குறதே அதை வச்சுத்தான்.

அக்கா, முதல்ல கையில வச்சுக்க வேண்டியது பிரிட்டன் குவேக்கர்களோட 'அட்வைசஸ் அண்ட் குவெரீஸ்', அதாவது அறிவுரைகளும் கேள்விகளும். ரொம்பச் சின்னப் புத்தகம், 42 பகுதி, நெட்ல இலவசமாவே படிக்கலாம். அதுல 19வது பகுதி பிள்ளைகளைப் பத்தினது, உங்க ஆழமான நம்பிக்கைய அவங்ககிட்ட எப்படிப் பகிர்ந்துக்குறீங்க, அதே நேரம் அவங்க வழியில போக எப்படி விடுறீங்கன்னு சபையில இருக்குற பெரியவங்க எல்லாரையும் கேக்குது. அடுத்து, அவங்களே போடுற 'ஜர்னீஸ் இன் த ஸ்பிரிட்'. பிள்ளைகள் கூட வேலை பாக்குறவங்களுக்குன்னு தலைப்பு வாரியா கதை, கைவேலை, பேச வேண்டியதுன்னு இருக்கும், இதுவும் இலவசம். குவேக்கர் ரிலிஜியஸ் எஜுகேஷன் கொலாபரேட்டிவ்னு ஒரு அமைப்போட வெப்சைட்ல பாடத்திட்டங்களைத் தேடி எடுக்கலாம். யூடியூப்ல குவேக்கர்ஸ்பீக் சேனல் இருக்கு, குட்டிக் குட்டி பேட்டிங்க, அது பிள்ளைகளுக்கு இல்ல, நீங்களும் அண்ணனும் ராத்திரி பாக்குறதுக்கு.

எல்லாம் வெள்ளைக்காரங்க கதையா இருக்கேன்னு பையன் கேட்டா நம்ம பக்கத்துக் கதை ரெண்டு சொல்லுங்க. மார்ஜரி சைக்ஸ்னு ஒரு அம்மா, 1928ல மெட்ராஸ் வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு டீச்சரா வந்தாங்க, தமிழ் கத்துக்கிட்டாங்க, இங்க இருக்கும்போதுதான் குவேக்கர் ஆனாங்க. அப்புறம் சாந்திநிகேதன்ல தாகூர்கிட்ட, சேவாகிராம்ல காந்தியோட ஆதாரக் கல்வியில வேலை பாத்துட்டு, பின்னால எங்க கோத்தகிரியிலயே வந்து இருந்தாங்க. இந்தியக் குவேக்கர்களோட வரலாற்றையே ஒரு புத்தகமா எழுதி வச்சிருக்காங்க.

இன்னொருத்தர் லாரி பேக்கர், அவரும் உங்க பர்மிங்காம்காரர்தான், 1917ல பொறந்தவர், குவேக்கர். யுத்த காலத்துல சீனாவுல ஆம்புலன்ஸ் வேலை பாத்துட்டு, வழியில காந்தியச் சந்திச்சாரு, ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்து இங்கயே தங்கிட்டாரு. ரயில் ஏறி திருவனந்தபுரம் போனீங்கன்னா தம்பானூர்ல ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் அவர் கட்டுன இந்தியன் காபி ஹவுஸ். உள்ள மாடிப்படியே கிடையாது, செங்கல் கோபுரத்துக்குள்ள தரை சரிவா சுத்திச் சுத்தி மேல போகும், அந்தச் சரிவுலயே டேபிளும் பெஞ்சும் கட்டி வச்சிருக்காரு, சுவத்துல ஓட்டை ஓட்டையா வெளிச்சமும் காத்தும் வரும். பூச்சு கிடையாது, பகட்டு கிடையாது. எளிமைன்னா என்னன்னு பாடம் எடுக்காதீங்க, அங்க உக்காத்தி வச்சு ஒரு கட்லெட் வாங்கிக் குடுங்க. எங்க பயலுக மேல ஏறி எறங்குனதுல சர்வர்தான் பாவம்.

பழங்காநத்தத்துக்காரி:
மலைக்காத்து, ரொம்ப நன்றி தம்பி, காபி ஹவுஸ் பக்கமாவே போயிருக்கோம், இவர் கட்டுனதுன்னு தெரியாது. டீச்சர், மரப்பாச்சி ஐடியா சூப்பர், பொம்மை எங்க அம்மா வீட்டுப் பரண்ல இருக்கு.

ஆனா இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே. பையனுக்குப் பிரச்சினை இல்ல, சின்னவளுக்கும் எங்க அத்தைக்கும் தமிழ்லதான் ஏறும். யாராவது தமிழ்ல பண்ணிருக்காங்களா?

மலைக்காத்து:
நான் பாத்தவரைக்கும் அச்சுல எதுவும் கண்ணுல படல அக்கா. வாசிச்சுட்டு அப்படியே மொழிபெயர்க்காதீங்க, கதையை மட்டும் மனசுல வாங்கிட்டு உங்க வாயால சொல்லுங்க. எலிசபெத் ஃப்ரை கதைய எடுத்துக்கோங்க. பணக்கார வீட்டம்மா, 1813ல லண்டன் நியூகேட் ஜெயிலுக்குள்ள போறாங்க, பொம்பளைக் கைதிகள் கைப்பிள்ளைகளோட வைக்கோல் மேல கிடக்குறாங்க, குளிருக்குத் துணி கூட இல்ல. பிள்ளைகளுக்கு முதல்ல துணி கொண்டு போறாங்க, அப்புறம் ஜெயிலுக்குள்ளயே பள்ளிக்கூடம் ஆரம்பிக்குறாங்க. அவங்க வீட்டுலயே 11 பிள்ளைகள். நீங்க அங்க இருந்தப்ப பழைய 5 பவுண்டு நோட்டு மிச்சம் வச்சிருந்தா எடுத்துப் பாருங்க, 2017 வரைக்கும் அந்த நோட்டுல இருந்த அம்மா இவங்கதான், கைதிகளுக்கு வாசிச்சுக் காட்டுற படம். நோட்டைக் கையில குடுத்துட்டுக் கதை சொன்னா அத்தையே கிட்ட வந்து உக்காருவாங்க.

கீழமாசி கடைக்காரன்:
சும்மா படிச்சுக்கிட்டே வந்தேன், இந்த ஆளுகளைப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும். அந்தக் காலத்துல குவேக்கர் கடைகள்ல பேரமே கிடையாது. மத்த கடையில ஆளப் பாத்து விலை சொல்லுவான், இவங்க ஒரே விலைதான். ஒரு ரேட்டைக் கூட்டிச் சொல்லிட்டு அப்புறம் குறைக்கிறது பொய்னு அவங்க கணக்கு. அதனால சின்னப் பிள்ளைய அனுப்பினாலும் ஏமாத்த மாட்டாய்ங்கன்னு ஜனம் தேடிப் போச்சு, யாவாரம் பிச்சுக்கிட்டு ஓடிச்சு. 1824ல பர்மிங்காம்ல ஜான் கேட்பரி திறந்த கடையும் குவேக்கர் கடைதான், சாராயத்துக்குப் பதிலா டீ, காபி, குடிக்கிற சாக்லேட்டு வித்தாரு. இதைப் பையன்கிட்ட டெய்ரி மில்க் வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லுங்க, ஏறும்.

நம்ம ஊர்ல இதைக் கடைப்பிடிக்கிறது வேற விஷயம். விளக்குத்தூண்ல துணி எடுக்கப் போயி பேரம் பேசாம வந்தீங்கன்னா உங்க மாமியார் ஞானஸ்நானத்தை மறந்துட்டு இதுக்கு அழுவாங்க.

துப்பாக்கி மேட்டர்ல என் அபிப்ராயம், பயலத் தடுக்காதீங்க, காந்தி மியூசியம் கூட்டிட்டுப் போங்க. தமுக்கத்துகிட்ட ராணி மங்கம்மா அரண்மனை, 1959ல மியூசியமாத் திறந்தது, சுடப்பட்டப்ப அவர் கட்டியிருந்த ரத்தக்கறை வேட்டித் துணி அங்க கண்ணாடிக்குள்ள இருக்கு. 8 வயசுக்குப் பாக்கலாம், சின்னவளைத் தோட்டத்துல விட்டுட்டுப் போங்க. பாத்துட்டு வந்து அவனே முடிவு பண்ணட்டும். அப்படியே மேலமாசி வீதியில 1921 செப்டம்பர் 22ம் தேதி அவர் சட்டையைக் கழட்டிப் போட்டு வேட்டிக்கு மாறுன வீட்டையும் காட்டுங்க, எளிமைக்கு திருவனந்தபுரம் வரைக்கும் டிக்கெட் எதுக்கு?

பழங்காநத்தத்துக்காரி:
கடைக்காரண்ணே சிரிச்சு முடியல. முடிவு அவன்கிட்டயே விடுறதுன்னதும் ஞாபகம் வந்துச்சு, பர்மிங்காம்ல பாத்த ஒரு பழக்கத்தை வீட்டுல வச்சிருக்கோம், மத்தவங்களுக்கும் உதவும். குவேக்கர் கூட்டத்துல ஓட்டெடுப்பு கிடையாது. கிளார்க்னு ஒருத்தர் எல்லாரும் பேசுறதைக் கேட்டு, கூட்டத்தோட மனசு இப்படி இருக்குன்னு அங்கயே எழுதி வாசிப்பாரு, எல்லாரும் சரின்னாத்தான் பதிவாகும். எங்க வீட்டுல பையன்தான் கிளார்க். ஒரு நோட்டு இருக்கு. போன தடவை எழுதுனது இது: "டிவி சாப்பாட்டுக்கு அப்புறம். அப்பாவுக்கும் இது உண்டு. தங்கச்சிக்கு சம்மதம் இல்லை, அடுத்த வாரம் மறுபடி பேசுவோம்." 4 வயசுக்காரி ஒத்துக்காததால உண்மையிலயே ஒரு வாரம் தள்ளிப் போச்சு. துப்பாக்கியும் இந்த நோட்டுக்குத்தான் வரப் போகுது.

தல்லாகுளம்65:
நோட்டு விஷயம் நல்லாருக்கு மகளே. எங்க சபைக் கமிட்டி மீட்டிங்ல இப்படி ஒரு கிளார்க் இருந்திருந்தா பாதி சண்டை நடந்திருக்காது. மாமியாருக்கு ஒரு யோசனை. ஞானஸ்நானம் வேண்டாம்னு மறுத்துப் பேசாதீங்க, அது அவங்க காதுல பிள்ளை கடவுளுக்கு இல்லைன்னு விழும். அவங்க பிறந்தநாளுக்கோ பிள்ளைங்க பிறந்தநாளுக்கோ அவங்களையே ஜெபம் பண்ணச் சொல்லுங்க, பிள்ளைகள் தலையில கை வச்சு, சத்தமா, அவங்க இஷ்டத்துக்கு. உங்க முறையில யாரு வேணும்னாலும் பேசலாம்தானே? அப்புறம் 23ம் சங்கீதத்தை நான் விட மாட்டேன், பாட்டியை வச்சே சொல்லிக் குடுங்க.

பழங்காநத்தத்துக்காரி:
ஐயா, இது எனக்குத் தோணவே இல்ல. யாரு வேணும்னாலும் பேசலாம்தான், அத்தை எங்க கூட உக்காந்து அவங்க பாணியில ஜெபம் பண்ணா அது எங்க கூட்டத்துக்கு ஒத்துப் போறதுதான். சங்கீதமும் சரி.

விருதுநகர் வாசி:
அக்கா நாங்க குவேக்கர்லாம் இல்ல, ஆனா பிள்ளைகளை ஞாயித்துக்கிழமை போன் இல்லாம அரை மணி நேரம் உக்கார வைக்க வழி தேடிக்கிட்டு இருக்கோம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து கலந்துக்கலாமா? பையனுக்கு 7.

பழங்காநத்தத்துக்காரி:
தாராளமா வாங்க, குவேக்கரா இருக்கணும்னு ஒண்ணும் கிடையாது. மெசேஜ் பண்ணுங்க, அட்ரஸ் அனுப்புறேன். ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கெல்லாம் முடிச்சிருவோம், அதுக்கு மேல சின்னவ தாங்க மாட்டா. டிபன் இங்கயே.