மறு: லெட்கோர் லீடர், சேஃப் ரிக் – கெண்டைத் தூண்டிலுக்கான சொற்கள்

குழும அன்பர்களுக்கு வணக்கம். கெண்டைத் தூண்டிலின் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> லெட்கோர் லீடர் = ஈயக்கரு வழிநடத்தி. சரியா?

"வழிநடத்தி" வேண்டாம் ஐயா. அந்த நரம்பு (தூண்டில் இழை) எதையும் வழிநடத்துவதில்லை. இங்கிலாந்தில் ஏரிக் கெண்டைக்குப் போடும் தூண்டிலில் மூன்று நரம்புகள் வரிசையாக வரும். சுருளிலிருந்து (ரீல்) இறங்குவது ஒன்று, முள்ளைத் தாங்குவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு இருப்பதுதான் லீடர். தாய்நரம்பு, இடைநரம்பு, முள்நரம்பு என்று வைத்தால் படம் இல்லாமலே வரிசை பிடிபட்டுவிடும்.

"ஈயக்கரு"வும் எனக்கு ஒப்பவில்லை. கரு என்றதும் நடுவில் ஓர் உருண்டை இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் பின்னிய உறைக்குள் மெல்லிய ஈயக்கம்பி, மெழுகுவத்தியில் திரி போல, முழு நீளத்துக்கும் ஓடுகிறது. ஆகவே "ஈயத்திரி" என்கிறேன். ஆனால் ஈயமே இல்லாமல், டங்ஸ்டன் கலந்த பூச்சால் எடை கூட்டிய நரம்புகளும் கடையில் கிடைக்கின்றன. பொதுச்சொல் "கனநரம்பு" என்று இருக்கட்டும், ஈயத்திரி அதில் ஒரு வகை. இரண்டின் வேலையும் ஒன்றுதான்: தூண்டிலை அடியில் நிறுத்தும் எடையான குண்டுக்கு அருகே நரம்பைத் தரையோடு படிய வைப்பது. விறைத்து நிற்கும் நரம்பு மீனின் விலாவில் உரசிச் செதிலைப் பெயர்ப்பதும் இதனால் குறைகிறது.

> சேஃப் ரிக் = பாதுகாப்பான அமைப்பு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இதில்தான் நிறைய இருக்கிறது. ரிக் என்பது முள், நரம்பு, குண்டு எல்லாம் கோத்த அமைப்பு. "பாதுகாப்பான" என்றால் யாருக்கு? நம் வாசகர் தனக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார், நரம்பு அறாது, மீன் தப்பாது என்று. இங்கே பேச்சு மீனைப் பற்றியது. அங்கே கெண்டையைப் பிடித்து, எடைபோட்டு, திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள். தாய்நரம்பு அறுந்துபோனால் அந்த மீன் குண்டையும் இழுத்துக்கொண்டு திரியக்கூடாது. பாசியிலோ வேரிலோ குண்டு மாட்டினால் மீன் கட்டிப்போட்டது போலக் கிடந்து சாகும். கெண்டைக் குண்டு சாதாரணமாக 57 முதல் 113 கிராம் இருக்கும். ஈயத்திரியோ எளிதில் அறாத சரக்கு. அது மீனுக்கே வினையாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை "கழலமைப்பு". கழற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும், கழல்வது தானாக நடக்கும். சங்கப் பாட்டுத் தலைவியின் வளை கழல்கிறதே, அந்தக் கழல்தான். கழல் என்றால் வீரர் காலில் அணியும் வளையம் ஆயிற்றே என்று யாராவது கேட்டால், முதல் முறை "கழலும் அமைப்பு" என்று விரித்து எழுதினால் போதும்.

சொல் பொருந்துகிறதா என்று ஹெலிகாப்டர் அமைப்பில் வைத்துப் பாருங்கள். (அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடலாம், தமிழருக்குப் பழகிய சொல்.) அதில் குண்டு இடைநரம்பின் கடைசியில் நிலையாகக் கட்டியிருக்கும். முள்நரம்பு இரண்டு மணிகளுக்கு நடுவே இடைநரம்பைச் சுற்றிச் சுழலும். தாய்நரம்பு அறுந்தால் மேல்மணி இடைநரம்பின் நுனியைத் தாண்டி வெளியேற வேண்டும். அப்போது மீன் முள்நரம்போடு மட்டும் போய்விடும், குண்டும் கனநரம்பும் தரையிலேயே கிடக்கும். நுனியில் தடித்த முடிச்சு இருந்தால் மணி அங்கேயே நின்றுவிடும். கையில் வைத்தே சோதிக்கலாம்: குண்டைப் பிடித்துக்கொண்டு முள்நரம்பை மேல்நோக்கி இழுங்கள். மெல்லிய இழுப்புக்கே மணி வரவில்லை என்றால் அதைத் தண்ணீரில் போடக்கூடாது.

கிளிப் வகையில் (குண்டை ஒரு கவ்வியில் மாட்டி, ரப்பர் உறையால் பிடித்துவைப்பது) நிலைமை வேறு. ரப்பர் உறையை அழுத்தித் திணிக்காமல் இருந்தால் குண்டு கழலும், ஆனால் கனநரம்பு மீனோடே போகும். ஆக, எது கழல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: முன்னது "முள்கழல்", பின்னது "குண்டுகழல்". பல ஏரிகளில் ஈயத்திரியையே தடைசெய்திருப்பது ஏன் என்பது இந்த இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்தாலே விளங்கும் என்று நினைக்கிறேன்.

> ஈயத்துக்கே பிரிட்டனில் தடை என்கிறார்களே?

அது வேறு. அன்னப்பறவைகள் சிறு ஈயமணிகளை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், 0.06 முதல் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்கு 1987 ஜனவரியில் தடை வந்தது. கெண்டைக் குண்டு அந்த வரம்புக்கு மேல். ஈயத்திரியை ஏரிக்காரர்கள் தடுப்பது நஞ்சுக்காக அல்ல, அறுந்த தூண்டிலின் கழலாத குண்டையோ கனநரம்பையோ மீன் இழுத்துக்கொண்டு திரியக்கூடாது என்பதற்காக.

அப்புறம், ஸ்பிளைஸ் பாக்கி இருக்கிறது. நுனியில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஈயக்கம்பியை உருவி எறிந்துவிட்டு, காலியான உறையை மடக்கி, ஊசியால் அதன் வயிற்றுக்குள்ளேயே இழுத்துக் கண்ணியாக்குவார்கள். முடிச்சே இல்லாததால் மணி சுலபமாகத் தாண்டும். "செருகுகண்ணி" என்று எழுதி வைத்திருக்கிறேன். கயிறு திரிப்பவர்களிடமோ தோணிக்காரர்களிடமோ இதற்குப் பழைய சொல் புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். கடலோர ஊர் அன்பர்கள் விசாரித்து எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவை மட்டும் பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.