புதுப்பிப்பு: முகாம் வேனில் லித்தியம் பேட்டரி

தண்டையார்பேட்டையில் நிறுத்தியிருக்கும் எங்கள் முகாம் வேனின் 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியை, அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்; மாற்றிவிட்டோம், பழவேற்காட்டில் மின் இணைப்பின்றித் தங்கியும் பார்த்துவிட்டோம். பழையதில் பாதிவரை எடுப்பதே நல்லது என்பதால் சுமார் 600 வாட்-மணிதான் கிடைத்தது. புதியதில் 80 விழுக்காடு எடுத்தாலே 1,000 வாட்-மணியைத் தாண்டுவதால், சிறிய குளிர்பெட்டியும் மின்விசிறியும் விடியும்வரை ஓடுகின்றன.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து புதிய பேட்டரிக்கு நேராக இணைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. லித்தியத்தின் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் அது கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எஞ்சினை அணைக்காமல் காத்து நிற்கும்போது, போதிய காற்றோட்டம் கிடைக்காத ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகிவிடக்கூடும். ஆகவே, மின்னோட்டத்தை 30 ஆம்பியருக்குள் நிறுத்தும் டிசி-டிசி சார்ஜரை இடையில் பொருத்தினோம். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

பேட்டரியில் மீதமுள்ள மின்சாரத்தின் அளவை வோல்ட்மீட்டர் சரியாகக் காட்டாது. மின்சாரம் குறைந்துகொண்டே வந்தாலும் மின்னழுத்தம் பெரும்பாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், உள்ளே வெளியே போகும் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் உள்ள மானி தேவைப்படுகிறது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் செம்பு முனைகளில் உப்புக்காற்றால் பச்சை படியாதபடி, இறுக்கிய பிறகு வாசலின் பூசிவிடுங்கள்.