கடைசி ரீலில் காணாமல் போகும் பேய்: பழைய தமிழ்ப் பேய்ப்படங்கள் பற்றி

காங்கேயத்தான்:
பழைய தமிழ்ப் பேய்ப்படம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், புகை, அவ்வளவுதானே என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. 1966இல் வந்த 'யார் நீ?' படத்தை ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் காங்கேயத்தில் பிறந்த பி.எஸ்.வீரப்பா தயாரித்த படம். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது. அதில் பயமுறுத்துவது பேயின் முகம் அல்ல, பி.சுசீலாவின் குரல். 'நானே வருவேன்' என்ற அந்தப் பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் நாயகனோடு நாமும் தேடுகிறோம். அலறல் இல்லை, மிரட்டல் இல்லை. இனிமையாகத்தான் கூப்பிடுகிறாள். இனிமையாகக் கூப்பிடும் குரலைக் கேட்டு உடம்பு சிலிர்க்கும்படி செய்வது எத்தனை கடினம்! இன்றைய படங்களோ ஒலியைத் திடீரென்று கூட்டி நம்மைத் திடுக்கிட வைக்கின்றன. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு.

சோமனூர்த் தறிக்காரன்:
அண்ணா, பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது பேய்ப்படமே அல்ல. இந்தி 'வோ கௌன் தீ?' படத்தின் மறு ஆக்கம் அது. மெட்டு முதற்கொண்டு அங்கிருந்து வந்தது. முடிவில் என்ன? உருவத்தில் ஒன்றாக இருக்கும் இன்னொரு பெண், சொத்துக்காக ஒரு சதி. 1976இல் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'துணிவே துணை'யும் இப்படித்தான். தொடக்கத்தில் குலை நடுங்க வைத்துவிட்டு, எல்லாம் கொள்ளைக்காரர்கள் வேலை என்று முடித்துவிடுகிறார்கள். காசு கொடுத்து உட்கார்ந்தவனைப் பார்த்துக் கடைசி ரீலில் 'நீ பயந்தது வீண்' என்று சொன்னால் அது ஏமாற்று. தமிழில் பேயைப் பேயென்றே நம்பி எடுத்த படம் 1978இல் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்'. இறந்துபோன பத்மப்ரியாவின் ஆவி லதாவின் உடலில் புகுகிறது. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அதற்கு முன் அப்படி ஒரு படம் உண்டா? இருந்தால் சொல்லுங்கள்.

காங்கேயத்தான்:
தம்பி, 'துணிவே துணை' பார்த்த யாரிடமாவது அந்தக் கொள்ளைக்காரர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் நினைவிருக்காது. இருட்டையும் வெள்ளைப் புடவையையும் மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல் சொல்வார்கள். விளக்கம் சொல்லிவிட்டதால் பயம் அழிந்துவிடவில்லை. நீங்கள் கொண்டாடும் 'உண்மையான பேய்' படங்களில் மட்டும் என்ன நடக்கிறது? பேயை எப்படியாவது விரட்டிவிட்டுக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறார்கள். அங்கேயும் நம் பயத்தை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்திலும் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். அது திகில் படம் இல்லை என்று சொல்வீர்களா?

சோமனூர்த் தறிக்காரன்:
சொல்லமாட்டேன். ஏனென்றால் மருத்துவர் பேசி முடித்த பிறகும் படம் முடியவில்லை. தனியே உட்கார்ந்திருக்கும் கொலைகாரனின் முகத்துக்குக் கேமரா போகிறது, தாயின் குரல் கேட்கிறது, அவன் மெல்லச் சிரிக்கிறான். விளக்கம் கிடைத்த பிறகு பயம் இரட்டிப்பாகிறது. நம் படங்கள் விளக்கம் கொடுத்த கையோடு 'சுபம்' போட்டுவிடுகின்றன. என் கோபமே அதுதான்.

பவானி வாசகி:
நீங்கள் இருவரும் தியேட்டரை விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்கள். தமிழில் திகில் முழுமை பெற்றது டிவியில்தான் என்பது என் முடிவு. தொண்ணூறுகளில் வந்த 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு' பகுதி. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊர், அங்கே தப்புச் செய்தவரைத் தேடி வரும் கருப்பு.

நம் பக்கத்தில் காட்டுக்குக் காடு கருப்பராயன் இருக்கிறார். வேலும் அரிவாளும் நட்டிருக்கும், கிடா வெட்டுவார்கள். அவர் பேய் அல்ல, காவல்சாமி. ஆனாலும் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போக யாருக்கும் கால் வராது. தொடரில் கருப்பின் குதிரைக் குளம்பொலி கேட்டதும் என் அம்மா டிவியின் ஒலியைக் குறைத்துவிடுவார். விடியற்காலையில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச அவர் கருப்பராயன் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த சினிமாப் பேயும் எங்கள் வரப்பில் நின்றதில்லை. இது நின்றது. அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அந்த வாரம் முழுவதும் பயம் வீட்டிலேயே இருந்தது.

சோமனூர்த் தறிக்காரன்:
அக்கா, அந்தத் தொடரை நானும் விடாமல் பார்த்தேன். தறிக்குடோனில் இரவு ஷிப்ட் என்றால் ஆள் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் அதிலும் முடிவு மனநோய்தானே? தவிர, தப்புச் செய்யாதவன் கருப்புக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஒரு பாவமும் அறியாதவனை வந்து பிடிப்பதுதான் திகில். ஜி.எம்.குமாரின் 'உருவம்' (1991) படத்தில் செய்வினை ஒரு குடும்பத்தையே தின்கிறது. மோகனை அப்படி ஒரு கோலத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பவானி வாசகி:
தப்பே செய்யாதவர் யார் தம்பி? கருப்பு வந்து நின்றால் நாம் மறந்துபோன தப்பெல்லாம் நினைவுக்கு வரும். அந்தத் தொடர் அந்த இடத்தைத்தான் தொட்டது. யாருக்கு என்ன மனநோய் என்று கடைசியில் தெரிகிறது, சரி. ஆனால் கருப்பு பொய் என்று எங்கேயாவது சொன்னார்களா? சாமியைச் சாமியாகவே விட்டுவிட்டு மனிதர்களின் கணக்கை மட்டும் முடித்தார்கள். அந்த நிதானம் எந்தப் படத்திலும் இல்லை. 2024 நவம்பரில், 'மர்மதேசம்' தொடரின் இன்னொரு கதையான 'ரகசியம்' பகுதியில் நடித்த டெல்லி கணேஷும் அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனும் அடுத்தடுத்த நாளில் மறைந்தார்கள். அன்று நான் மறுபடியும் முதல் பகுதியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். காட்சித் தரம் பழையதாகிவிட்டது. பயம் பழையதாகவில்லை.

காங்கேயத்தான்:
அக்கா சொல்வதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் தம்பி, '1978க்கு முன் ஒரு படம் சொல்லுங்கள்' என்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'. அதில் இரட்டையர் இல்லை, கொள்ளைக் கூட்டம் இல்லை. முற்பிறவி கடைசிவரை உண்மையாகவே நிற்கிறது. போன பிறவியில் காதலர்களைப் பிரித்த நம்பியார், தள்ளாத கிழவராகியும் சாகாமல், அதே பகையோடு இந்தப் பிறவியிலும் அவர்களுக்காகக் காத்திருக்கிறார். அவர் பேய்கூட அல்ல, உயிரோடு இருக்கும் மனிதர். பேயே இல்லாமல் இந்தப் பயம்! வெளிவந்த ஆண்டு 1963. பார்த்துவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.