அக்டோபர் 2-ல் டிவிக்கு நடந்தவை: மூன்று கிடைத்தது, சரிதானா?

களியக்காவிளை படிப்பகம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைப்போம். காந்தி பிறந்த ஊர், தண்டி யாத்திரை, வட்டமேசை மாநாடு என்று வருடா வருடம் அதே கேள்விகள். நாங்கள் முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. அதனால் இந்த முறை அதே தேதியில் வேறு என்ன நடந்தது என்று தேடினேன், தேடத் தேட டிவி பக்கமாகவே போய்விட்டது.

இதுவரை கிடைத்தவை: 1925 அக்டோபர் 2, லண்டனில் ஜான் லோகி பேர்டு முதல் டிவி படத்தை வரவழைத்த நாள். 1972 அக்டோபர் 2, பம்பாய் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கிய நாள். 1988 அக்டோபர் 2, மகாபாரதம் தொடர் ஆரம்பித்த நாள்.

மூன்றாவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. ஆன்டெனாவைத் திருவனந்தபுரத்துக் குடப்பனக்குன்று தூர்தர்ஷன் நிலையம் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள், கொஞ்சம் காற்றடித்தால் விலகிவிடும், ஒருவர் மேலே ஏறித் திருப்ப ஒருவர் ஜன்னல் வழியாக "வந்தாச்சு, ஐயோ போயிட்டு" என்று கத்திக்கொண்டே இருப்பார். எங்களுக்குத் தமிழும் மலையாளமும்தான் தெரியும், தொடரோ இந்தி. அந்த வீட்டு மாமா பட்டாளத்தில் இருந்து வந்தவர், அவர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டே பார்ப்போம். பீஷ்மர் சபதம் போட்ட இடத்தில் அவரே அழுதுவிட்டார், எங்களுக்கு வசனம் புரிய அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்விக்கு வருகிறேன். பேர்டு விஷயத்தில் சில புத்தகங்களில் 1926 ஜனவரி 26 என்று போட்டிருக்கிறது, எது சரி? அப்புறம், இந்த மூன்றும் ஒரே தேதியில் வந்தது தற்செயலா? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

திருத்தணி ரேடியோ மெக்கானிக்:

இரண்டு தேதியும் சரி சார், இரண்டும் வெவ்வேறு சம்பவம். 1925 அக்டோபர் 2-ல் நடந்தது பேர்டின் சொந்த வேலையிடத்தில், லண்டன் சோஹோ பகுதியில் ஃபிரித் தெருவில் ஒரு மாடி அறை. வெளியாள் யாருக்கும் தெரியாது. 1926 ஜனவரி 26-ல்தான் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் அமைப்பின் உறுப்பினர்களையும் ஒரு பத்திரிகையாளரையும் கூப்பிட்டு அதே தெருவில் நடத்திக் காட்டினார். எனவே "முதலில் வேலை செய்த நாள்", "முதலில் ஊருக்குக் காட்டிய நாள்" என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவது நம் குடியரசு தினத் தேதி, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் தெரிந்த முகம் மனிதன் முகம் இல்லை. ஸ்டூக்கி பில் என்று ஒரு பொம்மைத் தலை. படம் பிடிக்க அவ்வளவு வெளிச்சம் வேண்டியிருந்தது, விளக்குச் சூட்டில் ஆள் உட்கார முடியாது. பொம்மை முகம் கண், மூக்கு, நிழலோடு தெளிவாக வந்ததும் பேர்டு கீழ்மாடிக்கு ஓடி அங்கே வேலை பார்த்த வில்லியம் டேன்டன் என்ற இளைஞரை இழுத்து வந்து உட்கார வைத்தார். சூடு தாங்காமல் அவர் நகர்ந்துவிட, இரண்டரை ஷில்லிங் கொடுத்துத் திரும்ப உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். டிவியில் தெரிந்த முதல் ஆள் அவர்தான். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அவர் பெரிய மனிதர் யாரும் இல்லை, ஆபீஸ் பையன்.

அந்தப் படத்தைச் சுழலும் தட்டு ஒன்று வரி வரியாக வரைந்தது, மொத்தமே 30 வரி. நம் வீட்டுப் பழைய டயனோரா, சாலிடேர் பெட்டிகளில் 625 வரி.

செங்கோட்டை வாத்தியார்:

தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள், அதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். 1925 முழுக்கத் தற்செயல். பேர்டுக்கு அன்று படம் வந்தது, வந்த நாள் அக்டோபர் 2. காந்திக்கு அன்று 56 வயது நிறைந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1972 வேறு விதம். அரசாங்கம் ஒரு நிலையத்தைத் திறக்கும்போது நாள் பார்த்துத்தான் திறக்கும். டெல்லி 1959-லேயே தொடங்கிவிட்டது, அதற்கு 13 வருடம் கழித்து இரண்டாவது நிலையம் பம்பாய், அதற்குக் காந்தி ஜெயந்தி. நம் சென்னை நிலையத்துக்கு 1975 ஆகஸ்ட் 15. தனியார் சேனல்களும் அப்படித்தான்: சன் டிவி 1993 ஏப்ரல் 14, சித்திரைப் பிறப்பு. கலைஞர் டிவி 2007 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். இதில் ஒரு விசேஷம், டெல்லி தூர்தர்ஷன் தொடங்கிய 1959-ன் தேதியும் செப்டம்பர் 15-தான், ஆனால் அது அண்ணாவுக்காக இல்லை! இதைக் கேள்வியாக வைத்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

1988-க்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ராமாயணம் 1988 ஜூலை 31-ல் முடிந்தது. மகாபாரதமும் ஞாயிறு காலைத் தொடர்தான், அப்படியென்றால் முதல் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வர முடியும். அந்த வருடம் காந்தி ஜெயந்தி ஞாயிறு. காலண்டரே இடம் கொடுத்த மாதிரி அமைந்துவிட்டது.

தேதி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது ஒரே நாள், 1956 நவம்பர் 1. திருத்தணி 1960 ஏப்ரல் 1. இங்கே எழுதுகிற மூன்று பேர் ஊரும் எல்லையில் பேரம் பேசி வந்த ஊர்கள். இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பள்ளிப்பட்டு அக்கா:

மகாபாரதம் பற்றி எங்கள் பக்கத்துக் கதை. எங்கள் பாட்டிக்கு இந்தியும் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து இரவெல்லாம் கூத்து நடக்கும் ஊர் எங்களுடையது, அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அதனால் டிவியில் ஆள் வந்து நின்றதுமே "இவன் சகுனி, இப்போ பாரு, காய் உருட்டுவான்" என்று முன்னாடியே சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் வந்து உட்காருவார்கள், பாட்டி அவர்களுக்குத் தெலுங்கில் ஒருமுறை, எங்களுக்குத் தமிழில் ஒருமுறை சொல்வார். துகில் உரியும் பகுதி வந்த ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் கற்பூரம் ஏற்றினார். கோயிலில் அந்தக் கட்டம் நடக்கும்போது ஏற்றுவதுதானே, இங்கே மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அவர் கேள்வி.

படிப்பகத்தில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள் அண்ணா.

களியக்காவிளை படிப்பகம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் சொன்ன ஞாயிறு விஷயத்தைப் பழைய காலண்டரில் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பட்டாளத்து மாமா இப்போது இல்லை, அவர் மனைவி இருக்கிறார், இன்று மாலையே போய் அழைக்கப்போகிறேன்.

மெக்கானிக் அண்ணாச்சி, அந்த 30 வரித் தட்டை அட்டையில் வெட்டிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்ட முடியுமா? துளைகளை எப்படிப் போட வேண்டும்?

திருத்தணி ரேடியோ மெக்கானிக்:

தாராளமாகச் செய்யலாம். கெட்டி அட்டையில் பெரிய வட்டம், 12 டிகிரிக்கு ஒரு துளையாக 30 துளை. ஆனால் எல்லாத் துளையும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றும் முந்தையதை விடத் துளை அகலம் அளவு உள்ளே தள்ளி, நத்தை ஓடு மாதிரி சுருண்டு வர வேண்டும். பழைய டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டி, பின்னால் ஒரு பல்பை வைத்துச் சின்னச் சதுர ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றினால் புள்ளி ஓடுவது தெரியும், வேகம் ஏறியதும் கோடுகளாகி ஜன்னல் முழுக்க வெளிச்சம் நிரம்பிவிடும். கருப்புக் காகிதம் ஒட்டுங்கள், வெள்ளை அட்டை வெளிச்சத்தைக் கெடுக்கும்.