உடைந்த சிலாப்பும் வார்டுத் தேர்தலும்: உங்கள் அனுபவம் என்ன?

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர்களிடமும், பிறகு வென்றவர்களிடமும் உங்கள் தெருவைப் பற்றிப் பேசிய அனுபவம் எப்படி இருந்தது என்பதை இங்கே பகிர்ந்துகொள்ளுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் இருப்பது, அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்னர் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊர்களில் ஒன்று. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் தெருவும் தெரிந்துவிடும், ஆளும் தெரிந்துவிடும். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்து அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் சிலாப்பு உடைந்தது அந்த இடைவெளியில்தான். தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்தபோது சக்கரம் ஏறி, நடுவில் ஓர் ஆள் விழும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. இரவில் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று யாரோ ஒரு முருங்கைக்கொம்பை அதில் செருகி, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அடியில் ஓடிய சாக்கடைத் தண்ணீரைக் குடித்து அந்தக் கொம்பு துளிர்த்துவிட்டது. புகார் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்களுக்கு, அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கானது.

பிரசாரத்தின் கடைசிப் பத்து நாட்களில், வருகிற ஒவ்வொருவரையும் அந்தப் பள்ளத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுவது என்று நானும் எதிர்வீட்டு அக்காவும் முடிவு செய்திருந்தோம். எங்களுடையது மகளிருக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. வேட்பாளர்கள் அனைவரும் பெண்கள். ஆனால் பேசியவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய கணவர்கள். ஒருவர் பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் "ஜெயிச்ச மறுநாளே முடிச்சுத் தர்றோம்மா" என்றார். இன்னொருவர் முந்தைய ஆட்சியைத் திட்டிவிட்டுப் போனார். ஒரே ஒரு வேட்பாளர் மட்டும், கணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, செல்பேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம், "இது மழைத்தண்ணி போறதா, பாதாள சாக்கடையாக்கா?" என்று கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தெருவில் குடியிருக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தம்முடைய துண்டறிக்கையின் பின்பக்கத்தில் தெருப்பெயரையும் மின்கம்பத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டார். முன்பக்கத்தில் அச்சாகியிருந்த செல்பேசி எண் கணவருடையது.

அவர்தான் வென்றார். நான் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எப்போதும் போடும் சின்னத்துக்கே போட்டேன்.

மார்ச் 2 அன்று பதவியேற்பு முடிந்து, 4 அன்று மேயர் தேர்வும் முடிந்த பிறகு, இரண்டாவது வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். நான் எழுதிக்கொண்டு போன மனுவில் "சாக்கடைப் பிரச்சினை" என்று பொதுவாக இருந்தது. அப்படிக் கொடுத்தால் அந்தக் காகிதம் மூன்று மேசைகளைச் சுற்றிவிட்டு "எங்களுடையது அல்ல" என்ற குறிப்போடு திரும்பும் என்றார். சிலாப்பு உடைந்தது பொறியியல் பிரிவுக்கு ஒரு மனு. வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலப்பது சுகாதாரப் பிரிவுக்கு ஒரு மனு. அந்த இடத்தில் தெருவிளக்கு எரியாதது மின் பிரிவுக்கு ஒரு மனு. மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். விளக்கு ஆறு நாளில் எரிந்தது. சிலாப்பு, மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படியேறி நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. சுகாதாரப் பிரிவினர் வந்து பார்த்து, ஐந்து வீடுகளின் சமையலறைக் குழாய் மழைநீர் வடிகாலுக்குள் விடப்பட்டிருப்பதாக எழுதிச் சென்றார்கள். அந்த ஐந்தில் எங்கள் வீடும் ஒன்று.

ஓய்வுபெறாத தலைமையாசிரியர் எழுதுவது:

சகோதரியின் பதிவைப் படித்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த என் நாள் நினைவுக்கு வந்தது. அந்தத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு. கொரோனா காலம் என்பதால் கடைசி ஒரு மணி நேரம் தொற்றுள்ளவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. முழு உடல் கவசத்தை மாட்டிக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் காத்திருந்தோம். எங்கள் சாவடிக்கு ஒருவரும் வரவில்லை.

என்னை வருத்தியது காலையில் வந்த பெரியவர் ஒருவரின் நிலை. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்கிறது. பத்து மாதங்களுக்கு முன்பு சட்டமன்றத் தேர்தலில் அதே பள்ளியில், அதே அறையில் வாக்களித்திருக்கிறார். எங்களிடம் இருந்த பட்டியலில் பெயர் இல்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றப் பட்டியலை எடுத்து, மறுவரையறை செய்யப்பட்ட வார்டு எல்லைகளின்படி பிரித்து அடுக்குகிறார்கள். அவருடைய தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் மறுபக்கம் அடுத்த வார்டிலும் போயிருந்தது. இதை நான் விளக்க, அவர், "என் வீட்டு வாசலுக்கு எதிர்ல இருக்கிற குப்பைத்தொட்டி யார் வார்டு சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆட்டோ பிடித்து வேறு பள்ளிக்குப் போய் வாக்களித்துவிட்டு, மதியம் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே மையிட்ட விரலை எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

மாநில அளவில் அன்று பதிவானது ஏறத்தாழ 60 விழுக்காடு. சென்னையில் 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. காலை 7 மணிக்கு என் சாவடியில் வரிசையில் நின்றவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படித்தவர்கள் அல்லர். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். படித்தவர்கள் பத்தரைக்கு மேல் வந்து, வரிசை நீளமாக இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டார்கள்.

சுயேச்சையாக நின்று தோற்ற ஒருவர் எழுதுவது:

தலைமையாசிரியர் ஐயா கடைசியாகச் சொன்ன வகையைச் சேர்ந்தவன் நான். குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். சங்கத்தில் 212 உறுப்பினர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், கட்சிக்காரர்கள் வேண்டாம், நம்மில் ஒருவர் நிற்க வேண்டும் என்று பேசுவோம். நின்றேன். சுயேச்சைகளுக்கான சின்னங்களில் எனக்குக் கிடைத்தது தென்னந்தோப்பு. வார்டில் தேடினாலும் பத்துத் தென்னை தேறாது. எண்ணி முடித்தபோது எனக்கு 94 வாக்குகள். டெபாசிட் போனதைக் காட்டிலும், உறுப்பினர்களில் பாதிப்பேர்கூடப் போடவில்லை என்ற கணக்குதான் சில நாள் தூங்கவிடவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதையல்ல. எங்கள் வார்டில் ரயில் பாதைக்கு அந்தப்பக்கமும் சில தெருக்கள் உண்டு என்பது எனக்கு வரைபடத்தில் தெரியும். வாக்குக் கேட்கப் போன அன்றுதான் முதன்முறையாக அங்கே காலை வைத்தேன். பூங்காவில் நடைபாதை, வாகன நிறுத்தம், இரவில் ஒலிபெருக்கிக்குத் தடை என்று அச்சடித்திருந்த என் வாக்குறுதிகளை ஒரு பெண்மணி வாங்கிப் படித்துவிட்டு, பொதுக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்களாம். தண்ணீர் இரவு இரண்டரைக்கு வருகிறதாம். பிடித்து முடித்துப் படுத்தால் நான்கு மணிக்கு மார்க்கெட் வேலைக்கு எழுந்திருக்க வேண்டுமாம். ஒன்பது ஆண்டுச் சங்கக் கூட்டக் குறிப்பேட்டில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. என்னை எதிர்த்து நின்று வென்ற கட்சிக்காரருக்கு அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. என் 94 வாக்குகளில் அந்தத் தெருக்களிலிருந்து விழுந்தவை மூன்று.

கல்லூரியில் பணிபுரியும் ஒருவர் எழுதுவது:

என்னுடையது நாய் கதை. எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் இருசக்கர வண்டியில் வந்தால் ஏழெட்டு நாய்கள் துரத்தும். கவுன்சிலரிடம் சொன்னோம், வண்டி வந்து பிடித்துப் போனது, தெருவே அவருக்கு நன்றி சொன்னது. சில நாட்கள் கழித்து அதே வண்டி வந்து அதே நாய்களை அதே இடத்தில் இறக்கிவிட்டது. ஒவ்வொன்றின் காதிலும் சிறிய வெட்டு. நான் கோபமாகப் போய்ச் சண்டையிட்டேன். அவர் பொறுமையாக, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதையும், வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால் அவர்மீதே புகார் வரும் என்பதையும் எடுத்துச் சொன்னார். காதில் வெட்டு இல்லாத நாய் தென்பட்டால் மட்டும் தகவல் சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அனைவரும் நாயின் காதைத்தான் முதலில் பார்க்கிறோம். துரத்தல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பகுதி சபை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிராம சபை போல நகரத்திலும் நடத்தப்பட்ட முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. எங்கள் பகுதியில் போட்ட நாற்காலிகளில் பாதிக்குமேல் காலி. வந்தவர்களிலும் அலுவலர்களே அதிகம். ஆனாலும் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா எழுந்து, குப்பை வாங்கும் பேட்டரி வண்டி ஒன்பதரைக்கு வருகிறது, நாங்கள் ஏழு மணிக்கே வெளியே போய்விடுகிறோம், அதனால்தான் பையைக் கட்டித் தெருமுனையில் வீசுகிறோம், பிறகு எங்களைத் திட்டுகிறீர்கள் என்றார். துப்புரவு ஆய்வாளர் அங்கேயே மேற்பார்வையாளரை அழைத்துப் பேசினார். அடுத்த திங்கள் முதல் எங்கள் வரிசைக்கு வண்டி ஆறே முக்காலுக்கு வருகிறது. தெருமுனைக் குவியல் இரண்டு வாரத்தில் மறைந்தது. தூங்கி எழுந்து குப்பையைக் கொண்டுவர முடியவில்லை என்று இப்போது அலுத்துக்கொள்வது எங்கள் மாடிவீட்டுக்காரர்கள்.

வரி கட்டியவர் எழுதுவது:

சுருக்கமாக முடிக்கிறேன். பிப்ரவரியில் வாக்களித்தோம், ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. என் வீடு 1,150 சதுர அடி. "ஆறு வாரத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை?" என்று கவுன்சிலரைக் கேட்டேன். வரியைச் சீரமைக்காவிட்டால் நிதி ஆணைய மானியம் உள்ளாட்சிகளுக்குக் கிடைக்காது, மாமன்றத்தில் தீர்மானம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். உண்மைதான், ஆனால் அந்த மானிய நிபந்தனை பிப்ரவரியிலும் இருந்தது. 2011இல் மேயருக்கு ஒரு வாக்கு, உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று இரண்டு போட்டோம். இந்த முறை உறுப்பினருக்கு மட்டுமே, மேயரை அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஆகவே வரிக்காக யாரைக் கேள்வி கேட்பது என்றாலும் அவருடைய திண்ணைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

திரியைத் தொடங்கியவர் மீண்டும்:

ரயில் பாதைக்கு அப்பால் போனதைப் பற்றி எழுதிய ஐயாவுக்கு: உங்கள் பதிவைப் படித்த பிறகு, எங்கள் வார்டில் நான் இதுவரை போகாத தெருக்களை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

பலர் தனிச்செய்தியில், அந்தக் கவுன்சிலர் தாமே பேசுகிறாரா, கணவர்தான் பேசுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஆண்டு முழுவதும் அழைத்தால் கணவர்தான் எடுப்பார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்பார். நடுவில் ஒருநாள், கழிவுநீர்க் குழாயை மாற்றாவிட்டால் இணைப்பை அடைப்போம் என்று எங்கள் ஐந்து வீடுகளுக்கும் அறிவிப்பு வந்தபோது, அவகாசம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கணவர், "நம்ம ஆளுங்கதானே, பார்த்துக்கலாம்" என்றார். உள்ளிருந்து வந்த அவர், "அவங்க கொடுத்த மனுமேலதான் நடவடிக்கை. பதினஞ்சு நாள்ல மாத்தச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிளம்பருக்கும் குழாய்க்கும் சேர்த்து எங்களுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

சிலாப்பு போட வந்த ஆட்கள் முருங்கையைப் பிடுங்கி ஓரமாக எறிந்தார்கள். எதிர்வீட்டு அக்கா அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் நட்டார்; மூன்றாம் நாள் வாடிவிட்டது. போன வாரம் வார்டு அலுவலகப் பலகைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். உறுப்பினர் பெயருக்குக் கீழே இருந்த பழைய செல்பேசி எண்ணைக் காணவில்லை. இப்போது இருப்பது அவருடைய எண். அழைத்துப் பார்த்தேன். அவரே எடுத்து, "சொல்லுங்கக்கா, அந்த லாரி மறுபடியும் ஏத்திட்டானா?" என்றார்.