கொடைக்கானல் சோலையில் பாசி, லிவர்வொர்ட் கணக்கெடுப்பு: எப்படித் தொடங்குவது?

வெண்பனி:
எம்.எஸ்சி. தாவரவியல், கடைசி வருடம். டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் ஒரு சோலைக்காட்டில் பாசிகளையும் (மாஸ், நீர்ப்பாசி இல்லை) லிவர்வொர்ட்டுகளையும் (பாசிக்கு உறவான, பூக்காத சிறு செடிகள்) கணக்கெடுக்கப் போகிறேன். வனத்துறை அனுமதி வந்துவிட்டது. என் வழிகாட்டி பூக்கும் தாவரங்களில் வேலை செய்பவர். "ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருப்பதை எண்ணு" என்கிறார். போய்ப் பார்த்தால் தரை முழுக்கச் சருகுதான், பாசியெல்லாம் மரத்தில் ஏறி இருக்கிறது! என்ன செய்வது? செடி அழுத்தும் பிரஸ் வேண்டுமா?

கல்லிடுக்கு:
பிரஸ் வேண்டாம், அழுத்தினால் வடிவமே கெட்டுவிடும். செய்தித்தாளில் பொட்டலம் மடித்துக் காற்றில் காயவையுங்கள். ரத்தம் குடிக்கும் அட்டைக்கு மட்டும் தயாராகப் போங்கள். குனிந்து லென்ஸ் பிடிக்கும் ஆளைத்தான் அது முதலில் கண்டுபிடிக்கும்.

சோலைக்கிழவன்:
ஒரு மீட்டர் சட்டம் இதற்கு ஒத்துவராது தம்பி. கம்பியை வளைத்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சட்டம் செய்துகொள். ஒவ்வொரு மரத்திலும் அடியில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, நான்கு பக்கமும் வை. இது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க. என்னென்ன இனம் என்ற பட்டியலுக்குச் சட்டத்தை நம்பாதே. ஓடைப்பாறை, மட்கிய கட்டை, சாலையோர மண்வெட்டு என்று தேடிப் போ. உயிருள்ள இலைமேல் பச்சைத் தேமல் மாதிரி ஒட்டியிருக்கும் லிவர்வொர்ட்டுகளையும் விட்டுவிடாதே.

இனி முக்கியமானது. என் முதல் பயணத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் காயவைத்து, ஒரு மாதம் கழித்துத்தான் நுண்ணோக்கியில் வைத்தேன். பாசி ஒன்றும் ஆகவில்லை. வெந்நீரில் நனைத்தால் பழைய சேகரிப்புகூட இலை விரித்துவிடும். லிவர்வொர்ட்தான் காலை வாரியது. அதன் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் இருக்கும். அவற்றின் எண்ணிக்கை, வடிவம், நிறம் பார்த்துத்தான் பல இனங்களைப் பிரிக்க முடியும். காய்ந்தால் அவை மறைந்துவிடும். என் பொட்டலங்களில் பாதிக்குப் பேரினத்துக்கு மேல் எழுத முடியவில்லை. அதனால் லிவர்வொர்ட்டைத் தனியாக வை, அன்று இரவே பார்த்துப் படம் எடு. அறையில் நுண்ணோக்கி இல்லையென்றால் கடன் வாங்கிக்கொண்டு போ.

காட்டிலேயே பிரிக்க 10 மடங்கு லென்ஸ் போதும். இலை தண்டைச் சுற்றிச் சுருளாக, நடுநரம்போடு இருந்தால் பாசி. இரண்டு வரிசையாகத் தட்டையாக, நரம்பில்லாமல் இருந்தால் பெரும்பாலும் லிவர்வொர்ட். நரம்பு இல்லாத பாசியும் உண்டு, அதனால் நரம்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. ஃப்ருல்லானியா என்ற லிவர்வொர்ட்டைத் திருப்பிப் பார், அடியில் குட்டித் தொப்பி மாதிரி நீர்ப்பைகள் தெரியும். கிளையில் தாடி மாதிரி தொங்கும் சாம்பல்பச்சை உஸ்னியா ஒரு லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிரி), பாசி இல்லை. அதையும் பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வந்தவன் நான்.

பொட்டலத்தில் பென்சிலால் எழுது, மழையில் பேனா மை கரையும். இடம், உயரம், எதன்மேல் இருந்தது. மூன்றாவதை விட்டால் மாதிரி பாதி வீண்.

கல்லிடுக்கு:
ஒப்பிட ஒன்று: கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஃபொரோ தொகுத்த பழனி மலைத்தொடர் (கொடைக்கானலும் இதில்தான்) பாசிப் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. பாசிகள் மட்டும்தான், லிவர்வொர்ட்டுக்கு அது உதவாது. பெயர்கள் பல இப்போது மாறிவிட்டன, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்பனி:
நன்றி ஐயா. இன்று விடுதிக் குழாயடியில் பயிற்சி எடுத்தேன். நாடா மாதிரி தட்டையாகப் படர்ந்த செடி, மேலே குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் பச்சை வில்லைகள். மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டா?

சோலைக்கிழவன்:
கிண்ணம் முழு வட்டமா, பிறை வடிவமா? வட்டமென்றால் மார்கான்ஷியா, பிறையென்றால் லூனுலேரியா என்ற இன்னொரு லிவர்வொர்ட். படம் போடு.