மை டெல்லியில் பிறந்தது, மைசூரில் தயாராகிறது. ஏன்?

தராசுமுள்: ஓட்டு போட்டதும் விரலில் வைக்கிற மை, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவானதாமே? அங்கே மைக்கு என்ன வேலை? அவர்களே தயாரித்து விற்கலாமே?

மைக்ரோமீட்டர்: நான் அளவீட்டுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அந்த ஆய்வகத்தின் முதல் வேலை மை இல்லை, அளவுத்தரம். எங்கள் எடைக்கற்களின் சான்றிதழை யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்று மேலே மேலே தேடிப் போனால் அங்கேதான் போய் நிற்கும். இந்திய நேரத்தைச் சீசியம் அணுக் கடிகாரங்களால் காப்பதும் அவர்களே. 2019 மே 20 முதல் உலகம் முழுக்கவே கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவை வைத்து வரையறுக்கிறார்கள். அதற்காக என் மேசையில் ஒரு கல்லும் மாறவில்லை!

சரி, மை. அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். முழுக் கலவை ரகசியம். ஆய்வகம் ஆலை நடத்தாது. ஆய்வகக் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டு சேர்க்கும் அரசு அமைப்பான தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் வழியாக உரிமம் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது.

வத்திராயிருப்பான்: அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன் எங்க ஊர்க்காரர். சும்மா சொல்லி வைத்தேன்.

தராசுமுள்: சிறு பட்டறைக்காரனுக்கும் இப்படி ஏதாவது தொழில்நுட்பம் கிடைக்குமா சார்?

மைக்ரோமீட்டர்: கேட்கலாம். பெரும்பாலும் முன்பணமும், விற்பனையில் ராயல்டியும் இருக்கும். ஆய்வகக் குடுவையில் வந்தது உங்கள் தொட்டியிலும் வருமா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.